அரசர் இல்லாத அரசப்படை

1949 பிப்ரவரி 4ஆம் நாள் தெஹ்ரான் பல்கலைக்கழக விழாவுக்கு வந்து இறங்கிய ஈரானின் ஷா முகம்மது ரெஸா பஹ்லவியை, புகைப்படக்காரர் வேடத்தில் வந்த ஒருவர் மிக அருகிலிருந்து சுட்டார். முதல் மூன்று தோட்டாக்கள் ஷாவின் ராணுவத் தொப்பியைத் துளைத்துச் சென்றன. நான்காவது கன்னத்தில் புகுந்து மேலுதட்டின் வழியே வெளியேறியது. ஐந்தாவது தோளில் பாய்ந்தது. ஆறாவது துப்பாக்கியிலேயே சிக்கிக்கொண்டது. இந்தக் கணக்கை ஷாவே 1961இல் வெளிவந்த 'மிஷன் ஃபார் மை கன்ட்ரி' என்ற தம் நூலில் தருகிறார். தோட்டாக்களுக்குத் தாம் எப்படி வளைந்து நெளிந்து போக்குக் காட்டினார் என்பதையும், மல்யுத்தத்தை வர்ணிப்பவர் போன்ற உற்சாகத்தோடு எழுதியிருக்கிறார்.

அட்டை கழன்று, பூச்சி அரித்த துளைகளோடு, பழைய புத்தகக் கடை ஒன்றில் அந்தப் புத்தகம் எனக்குக் கிடைத்தது. நாதிர் ஷாவும் மயிலாசனமும் தவிர ஈரானைப் பற்றி அன்று எனக்கு வேறெதுவும் தெரியாது. சிறுவயதில் டைஃபாய்டு காய்ச்சலில் கிடந்தபோது இமாம் அலி கனவில் தோன்றிக் கிண்ணத்தில் மருந்து கொடுத்ததையும், குதிரையிலிருந்து விழுந்தபோது புனிதர் அப்பாஸ் தம்மைத் தாங்கிப் பிடித்ததையும் ஷா அதே நூலில் சொல்கிறார். தெய்வம் தம்மைக் காக்கிறது என்பதற்கு அவர் வரிசைப்படுத்தும் சான்றுகளில் அந்த ஐந்து தோட்டாக்களும் சேர்ந்துகொள்கின்றன. ஆனால் என் மனத்தில் தங்கியது தெய்வமன்று, அந்தத் தொப்பிதான். பல்கலைக்கழக விழா ஒன்றுக்குப் போகும் அரசர் ஏன் ராணுவச் சீருடையில் போகிறார்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, ஈரானிய முடியாட்சியையும் அதன் படையையும் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களைக் கடந்த பல ஆண்டுகளாகக் கிடைத்த வரிசையில் படித்துவருகிறேன்.

படித்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான். நவீன ஈரானில் படை மகுடத்தின் கருவியாக இருந்ததைவிட, மகுடம் படையின் ஆக்கமாக இருந்ததே உண்மைக்கு நெருக்கம். படையால் அரசரானவருக்குப் படையைப் பற்றிய அச்சம் கடைசிவரை போகாது. அந்த அச்சத்தால் அவர் தம் படைக்குச் செய்தவையெல்லாம் 1979 புரட்சியில் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தன.

ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். 'செபா' என்றால் பாரசீகத்தில் படை. படையைச் சேர்ந்தவர் 'செபாஹி'. நம்முடைய 'சிப்பாய்' அந்தச் சொல்லின் வழி வந்ததுதான். சுபேதாரிலும் ஹவில்தாரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் 'தார்' விகுதியும் பாரசீகமே. பஹ்லவி வம்சத்தை நிறுவிய ரெஸா கான் அரசராவதற்கு முன் சூட்டிக்கொண்ட பட்டம் 'சர்தார் செபா', அதாவது படைத்தலைவர். அவருடைய மகனைத் துரத்திய புரட்சி தன் சொந்தக் காவற்படைக்கு வைத்த பெயரிலும் அதே 'செபா' இருக்கிறது. ஓர் அரச வம்சத்தின் தொடக்கமும் முடிவும் நம் ஊர்ச் சிப்பாய்க்குள் அடங்கியிருப்பதைக் கண்டபிறகு, இந்த வரலாறு எனக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றவில்லை.

ரெஸா கானுக்கு முந்தைய கதையை அறிய, ஸ்டெபனி க்ரோனின் 1997இல் வெளியிட்ட 'தி ஆர்மி அண்ட் தி க்ரியேஷன் ஆஃப் தி பஹ்லவி ஸ்டேட் இன் ஈரான்' நூலைப் படிக்க வேண்டும். 1910 முதல் 1926 வரையிலான பதினாறே ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, சம்பளப் பட்டியல், அதிகாரிகளின் பூசல், கலகங்கள் என்று தோண்டித் துருவும் நூல் அது. சுவைக்காகப் படிப்பவர்களுக்கு உகந்ததன்று. நானே இரண்டு முறை பாதியில் வைத்துவிட்டேன். ஆயினும், கஜார் அரசர்களின் காலத்தில் ஈரானுக்கு 'ஒரு' படை இருந்ததில்லை என்பதை அதைப்போல் விளக்கும் நூல் வேறில்லை. 1813இலும் 1828இலும் ரஷ்யாவிடம் தோற்றுக் காகசஸ் நிலப்பரப்பை இழந்த நாடு அது. இளவரசர் அப்பாஸ் மிர்சா ஐரோப்பிய முறையில் உருவாக்கிய புதிய படை அவரோடு மங்கிப்போனது. 1878இல் ஐரோப்பாவுக்குப் பயணம் போன நாசிருத்தீன் ஷா, வழியில் ரஷ்யப் பேரரசின் கோசாக் குதிரைப்படையின் அணிவகுப்பைக் கண்டு சொக்கிப்போனார். அதேபோல் ஒன்று தமக்கும் வேண்டும் என்று அவர் கேட்க, 1879இல் ரஷ்ய அதிகாரிகளின் தலைமையில் பாரசீகக் கோசாக் படையணி உருவாயிற்று. அரசரைக் காக்கும் படைக்கு வேற்று நாட்டவர் தலைவர். அவர்கள் யார் பக்கம் நிற்பார்கள் என்பது 1908 ஜூனில் தெரிந்தது: அரசியலமைப்புக் கேட்ட மக்களின் நாடாளுமன்றமான மஜ்லிஸை, கர்னல் லியாகோவின் தலைமையில் அந்தப் படையணிதான் பீரங்கிகளால் தகர்த்தது.

இதற்கு மாற்றாக அரசியலமைப்புவாதிகள் ஸ்வீடன் அதிகாரிகளை வரவழைத்து 1911இல் ஜாந்தார்ம் படையைத் தொடங்கினார்கள். 1916இல் தெற்கே பிரிட்டிஷார் தங்கள் பங்குக்குத் தென் பாரசீகத் துப்பாக்கிப்படையை அமைத்தார்கள். ஆக, ஒரே நாட்டில் ரஷ்யர் படை, ஸ்வீடர் படை, ஆங்கிலேயர் படை என்று மூன்று. அரசரிடம் மிஞ்சியிருந்தவை தலையில் மகுடமும் கஜானாவில் கடனுமே.

ரெஸா கான் இந்தக் கோசாக் படையணியில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கையாளும் திறமையால் 'ரெஸா மாக்சிம்' என்று பெயர் வாங்கி, படிப்படியாக உயர்ந்தவர். மாசந்தரான் மலைக் கிராமமான அலாஷ்தில் பிறந்தவர். அவர் எழுந்த கதையை, சைரஸ் கனி 1998இல் வெளியிட்ட 'ஈரான் அண்ட் தி ரைஸ் ஆஃப் ரெஸா ஷா' பிரிட்டிஷ் ஆவணங்களை வைத்துச் சொல்கிறது. 1920இல் ஈரானின் வடக்கே நின்ற பிரிட்டிஷ் படைக்குத் தலைமை ஏற்ற ஜெனரல் ஐயன்சைட், கோசாக் படையின் ரஷ்ய அதிகாரிகளை வெளியேற்றிவிட்டு, கஸ்வின் நகரத்தில் முகாமிட்டிருந்த அந்தப் படைக்குத் தகுந்த ஈரானியத் தலைவரைத் தேடினார். அவர் கண்ணில் பட்டவர் ஆறடிக்கும் மேலான உயரமும் அதிகம் பேசாத இயல்பும் கொண்ட ரெஸா கான். பிரிட்டிஷார் விலகிய பிறகு ராணுவ சர்வாதிகாரமே தங்கள் சிக்கல்களுக்குத் தீர்வாகும் என்று ஐயன்சைட் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1921 பிப்ரவரி 21 அதிகாலையில் கோசாக்குகள் தெஹ்ரானுக்குள் நுழைந்தபோது, தடுக்க வேண்டியவர்கள் ஏறக்குறைய எவரும் தடுக்கவில்லை.

ரெஸா கான் ஆங்கிலேயரின் கைப்பாவை என்ற எளிய விடையைக் கனி ஏற்பதில்லை. ஆங்கிலேயர் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வந்தவர் பிறகு அவர்களுக்குச் சாவியைத் தரவில்லை என்பதே ஆவணங்களைப் படிக்கும்போது எனக்கும் தோன்றுவது. ஆட்சிக்கவிழ்ப்பைத் தொடர்ந்து தெஹ்ரான் சுவர்களில் ஒட்டப்பட்ட அறிவிப்பைப் பாருங்கள். 'ஹொக்ம் மீகொனம்' என்பது அதன் தலைப்பு. 'ஆணையிடுகிறேன்' என்று பொருள். ஒன்பது விதிகளில் முதலாவது, தலைநகர் மக்கள் அனைவரும் அமைதி காத்து ராணுவ உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது. கையெழுத்துப் போட்டவர் ஷாஹன்ஷாவின் கோசாக் படைத்தலைவர் என்ற பதவிப் பெயரில்தான் போட்டிருக்கிறார். ஆனால் ஆணையிடுவது யார் என்பதில் தெஹ்ரானில் ஒருவருக்கும் ஐயம் இருந்திருக்காது. அந்த ஷாஹன்ஷா, கடைசிக் கஜாரான அகமது ஷா, 1923இல் ஐரோப்பாவுக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. ரெஸா கான் போர் அமைச்சராகி, பிரதமராகி, 1925 டிசம்பரில் அரசராகவும் ஆகி, அடுத்த ஆண்டு ஏப்ரலில் முடிசூடினார்.

அவர் படைக்குச் செய்தவற்றை எர்வாந்த் ஆப்ரகாமியனின் 'ஈரான் பிட்வீன் டூ ரெவல்யூஷன்ஸ்' எண்களில் தருகிறது. 1926இல் 5 படைப்பிரிவுகளாக 40,000 பேர்; 1941இல் 18 படைப்பிரிவுகளாக 1,27,000 பேர். அதே காலத்தில் ராணுவச் செலவு ஐந்து மடங்குக்கும் மேல் ஏறியது. கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் 1925இல் வந்தது. நிலப்பிரபுவின் குத்தகைக்காரனையும் மலை இனக்குழுவின் மேய்ப்பனையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அவர்களுக்குக் குடும்பப் பெயரும் அடையாளச் சீட்டும் கொடுத்தது அந்த அரசு. ஈரானியன் என்ற உணர்வு கிராமத்துக்குள் போன வழிகளில் ஒன்று ராணுவக் கொட்டடி. ஆப்ரகாமியன் இடதுசாரிச் சாய்வுள்ளவர். அரச குடும்பத்தின் மீது அவருக்குக் கனிவு கிடையாது. அதனாலேயே அவர் ஒரு நன்மையை ஒப்புக்கொள்ளும் இடங்களில் நான் கூடுதலாக நம்புகிறேன்.

இவ்வளவு செலவிட்டு வளர்த்த படை 1941 ஆகஸ்டில் என்ன ஆயிற்று என்பது, இந்த வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம். ஆகஸ்ட் 25 விடியலுக்கு முன் வடக்கிலிருந்து சோவியத் படையும், தெற்கிலும் மேற்கிலும் இருந்து பிரிட்டிஷ் படையும் நுழைந்தன. பிரிட்டிஷ் படை என்று சொன்னாலும் அதில் பெரும்பகுதி இந்திய ராணுவம். அபாதானில் இறங்கியது 8ஆம் இந்தியப் படைப்பிரிவு, மேற்குக் கணவாய்களில் நுழைந்தது 10ஆம் இந்தியப் படைப்பிரிவு. ஈரானியக் கடற்படைத் தளபதி பயந்தோர் கொர்ரம்ஷஹரில் போரிட்டு மாண்டார். அவருடைய கப்பல்கள் துறைமுகத்திலேயே மூழ்கின. அங்கங்கே தனி அதிகாரிகள் காட்டிய துணிவைத் தவிர, படை என்ற அளவில் எதிர்ப்பு நான்கு நாள்கூட நிற்கவில்லை. 28ஆம் நாளே போர்நிறுத்தம்.

அதற்கு இரண்டு நாள் கழித்து நடந்ததை ஸ்டீவன் வார்டின் 'இம்மார்ட்டல்' முதலிய ராணுவ வரலாற்று நூல்களில் பார்க்கலாம். பழைய பாரசீகத்தின் மரணமற்றோர் படை தொடங்கி இன்றுவரை வரும் பெரிய நூல் அது. தளபதிகள் கூடி, கட்டாயச் சேவையில் இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். தலைநகரின் கொட்டடிகளிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள், வழிச்செலவுக்குக் காசின்றி, பலர் செருப்புமின்றி, பசியோடு தங்கள் ஊர்களை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். செய்தி எட்டிய ரெஸா ஷா கொதித்துப்போய், போர்த்துறைப் பொறுப்பிலிருந்த ஜெனரல் நக்ஜவானையும் ஜெனரல் ரியாசியையும் அழைத்து, தம் கையாலேயே அடித்து, அவர்களுடைய பதவிச் சின்னங்களைப் பிய்த்தெறிந்து சிறைக்கு அனுப்பினார். இருபது ஆண்டுகள் தாம் வளர்த்த படை ஐந்தே நாளில் கலைந்ததைக் கண்ட கிழவரின் கோபம் அது என்று இரங்கலாம். ஆனால் அவருடைய தளபதிகள் அதற்கு முன் எந்த முடிவையும் சொந்தமாக எடுத்துப் பழகாதவர்கள் என்பதையும் மறக்கலாகாது. மேலே இருந்து சொல் வராத வேளையில் அவர்கள் எடுத்த முதல் முடிவே படையைக் கலைப்பதாக இருந்தது.

செப்டம்பர் 16இல் ரெஸா ஷா முடி துறந்தார். 21 வயது மகன் மறுநாள் மஜ்லிஸில் பதவியேற்றார். தந்தையை ஏற்றிக்கொண்டு பந்தர் அப்பாஸிலிருந்து புறப்பட்ட கப்பல் பம்பாய்க் கடலுக்கு வந்தும், அவரைக் கரையில் இறங்க விடவில்லை. போக வேண்டிய இடம் மொரீஷியஸ் என்பதைக் கப்பலில் ஏறிச் சொல்லும் வேலை கிளார்மான்ட் ஸ்க்ரைன் என்ற பிரிட்டிஷ் இந்திய அதிகாரிக்கு வாய்த்தது. அவர் பிற்காலத்தில் 'வேர்ல்ட் வார் இன் ஈரான்' என்ற நினைவு நூலில் அந்தப் பயணத்தைப் பதிவுசெய்தார். கப்பல் மேல்தளத்தில் பம்பாய் நகரத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த உயரமான மனிதரின் சித்திரம் ஏனோ என்னை விட்டு அகல மறுக்கிறது. 1944 ஜூலையில் ஜோகனஸ்பர்க்கில் அவர் இறந்தார்.

1953 ஆட்சிக்கவிழ்ப்பைப் பற்றி ஒரு தனி நூலகமே இருக்கிறது; அதில் நெடுநேரம் நிற்கப்போவதில்லை. பிரதமர் மொசாடெக்கை நீக்கும் அரசாணையோடு ஆகஸ்ட் 15 இரவு போன அரச காவற்படைக் கர்னல் நசீரி கைதானார். ஷா விமானமேறிப் பாக்தாத் வழியாக ரோமுக்குப் போனார். நான்கு நாள் கழித்துத் தெருக்கூட்டமும் டாங்கிகளும் சேர்ந்து ஜெனரல் ஜாஹெதியைப் பிரதமராக்கின. அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு நிறுவனங்களின் பங்கு எவ்வளவு, ஈரானியத் தளபதிகளின் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ஷா அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம். தம்மை அரியணையில் மீண்டும் அமர்த்திய ஜாஹெதியை இரண்டே ஆண்டுகளில் பதவியிறக்கி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். சவாக் உளவுத்துறையின் முதல் தலைவர் தைமூர் பக்தியாரை 1961இல் நீக்கினார். அவர் பின்னர் ஈராக்கில் கொல்லப்பட்டார். ராணுவ உளவுப்பிரிவின் தலைவர் ஜெனரல் கரானி 1958இல் சதிக் குற்றச்சாட்டில் சிறைப்பட்டார். அதே கரானிதான் 1979இல் புரட்சி அரசின் முதல் கூட்டுப்படைத் தலைவர். தலைதூக்கிய தளபதி ஒவ்வொருவரும் வெட்டப்பட, தலைதூக்காதவர்கள் மட்டும் பதவி உயர்வு பெற்றுக்கொண்டே போனார்கள்.

அதன் பிறகான அரண்மனைக்குள் நம்மைக் கூட்டிச்செல்ல அசதொல்லா ஆலமின் நாட்குறிப்பைப் போன்ற புத்தகம் இல்லை. ஆலம் ஷாவின் பால்ய நண்பர், முன்னாள் பிரதமர், 1977 வரை அரசவை அமைச்சர். ஏறக்குறைய நாள்தோறும் ஷாவைப் பார்த்துவிட்டு வந்து இரவில் எழுதிய குறிப்புகளை அவ்வப்போது சுவிட்சர்லாந்து வங்கிப் பெட்டகத்துக்கு அனுப்பிவைத்தார். பஹ்லவி வம்சம் ஆட்சியில் இருக்கும்வரை வெளியிடக் கூடாது என்பது அவர் இட்ட நிபந்தனை. அவ்வாறு நிபந்தனை இடுபவரின் உள்மனம் எதை எதிர்பார்த்திருக்கும்? சுருக்கப்பட்ட ஆங்கிலப் பதிப்பு 'தி ஷா அண்ட் ஐ' என்ற பெயரில் 1991இல் வந்தது.

முகத்துதியும் முணுமுணுப்பும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும் புத்தகம் அது. விமானங்கள், டாங்கிகள், கோதுமை விலை, அரசரின் காதலிகள், எண்ணெய் நிறுவனங்களோடு பேரம் என்று எல்லாம் ஒரே தொனியில் வருகின்றன. 1972 மே மாதம் நிக்சனும் கிஸிங்கரும் தெஹ்ரானுக்கு வந்து, அணு ஆயுதம் தவிர ஏறக்குறைய எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று வழிவிட்ட பிறகு, ஆயுதப் பட்டியல் பெருகுவதை நாள்வாரியாகப் பார்க்க முடிகிறது. ஷா எஃப்-14 போர்விமானங்கள் 80 கேட்டார், 79 வந்து சேர்ந்தன. பிரிட்டனிடம் 700க்கும் மேற்பட்ட சீஃப்டன் டாங்கிகளுக்கு ஆணை கொடுத்தார். ஆயுத வணிக இதழ்களை மற்றவர்கள் நாவல் படிப்பதுபோல் படித்த அரசர் அவர். அந்த ஆர்வம் போலியானதன்று. அவர் விமானம் ஓட்டத் தெரிந்தவர், இயந்திர நுணுக்கம் அறிந்தவர். ஆனால் டாங்கியை வாங்கத் தெரிந்த அளவுக்கு, அதை நகர்த்தும் ஆணையைத் தாம் இல்லாத நேரத்தில் யார் இடுவார் என்ற கேள்வியை அவர் நெருங்கவேயில்லை.

நெருங்காததற்குக் காரணம் அந்தப் படையின் அமைப்பிலேயே இருந்தது. தரைப்படை, வான்படை, கடற்படைத் தளபதிகள் மூவரும் தனித்தனியாக ஷாவிடம் மட்டும் அறிக்கை தந்தார்கள். கூட்டுப்படைத் தலைவருக்கு அவர்கள்மீது உண்மையான அதிகாரம் கிடையாது. மேஜர் தரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு பதவி உயர்வையும் ஷாவே பார்த்து ஒப்புதல் தந்தார். ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் உளவு அமைப்புகள் பல இருந்தன. 'கடவுள், ஷா, தாய்நாடு' என்பது படையின் முழக்கம். அந்த வரிசையில் நடுச்சொல்தான் மற்ற இரண்டையும் பிணைத்த ஆணி. தமக்கெதிராக இரண்டு தளபதிகள் சேர்ந்துவிட முடியாதபடி செய்த ஏற்பாட்டில், தமக்காகவும் இரண்டு தளபதிகள் சேர முடியாது என்பது உள்ளடங்கியிருந்தது.

1974இல் பிரெஞ்சு மருத்துவர்கள் ஷாவுக்கு ரத்தப் புற்றுநோய் இருப்பதைக் கண்டார்கள். அது அரசுக்கும் படைக்கும் மறைக்கப்பட்டது. ஆலமுக்கும் அதே வகை நோய்தான். அவர் 1978 ஏப்ரலில், நெருக்கடி முற்றுவதற்கு முன், இறந்தார். 1963 ஜூனில், பின்னாளில் புரட்சிக்குத் தலைமை ஏற்ற மதகுரு கொமெய்னி கைதானதை எதிர்த்துத் தெருவில் இறங்கிய மக்களைச் சுடும் உத்தரவின் பொறுப்பைப் பிரதமராக இருந்த ஆலம் தம் தலையில் சுமந்துகொண்டார். அந்த உத்தரவை நான் மெச்சவில்லை. அதில் செத்தவர்கள் நிராயுதபாணிகள். எனினும் 1978இல் அரண்மனையில் முடிவெடுக்க ஆளில்லாமல் போனதை, அப்பாஸ் மிலானியின் 'தி ஷா' உள்ளிட்ட பல நூல்கள் ஆலம் இல்லாத வெற்றிடத்தோடு சேர்த்தே விளக்குகின்றன. செப்டம்பர் 8இல் தெஹ்ரானின் ஜாலே சதுக்கத்தில் திரண்ட மக்களைப் படை சுட்டது. நவம்பர் 6இல் ஜெனரல் அஸ்ஹாரியின் தலைமையில் ராணுவ அரசு அமைந்த அதே நாளில், உங்கள் புரட்சியின் குரலைக் கேட்டேன் என்று ஷா தொலைக்காட்சியில் தழுதழுத்தார். சுடு என்கிறாரா, சுடாதே என்கிறாரா என்று சிப்பாய்க்குப் புரியவில்லை. அஸ்ஹாரிக்கு டிசம்பரில் மாரடைப்பு வந்தது. படுக்கையிலிருந்தபடி அவர் அமெரிக்கத் தூதர் சல்லிவனை அழைத்து, அரசரால் முடிவெடுக்க முடியாததால் இந்த நாடு போய்விட்டது என்று சொன்னதைச் சல்லிவன் 'மிஷன் டு ஈரான்' நூலில் பதிவுசெய்திருக்கிறார்.

கடைசி ஐந்து வாரங்களுக்கு மூன்று புத்தகங்களை ஒரே நேரத்தில் மேசையில் விரித்துவைத்துப் படிப்பது என் வழக்கம்: சல்லிவனுடையது, ஜெனரல் ராபர்ட் ஹைசரின் 'மிஷன் டு தெஹ்ரான்', ஷா நாடுகடந்த நிலையில் எழுதி 1980இல் வெளிவந்த 'ஆன்சர் டு ஹிஸ்டரி'. ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கப் படைத்தலைமையின் துணைத்தலைவரான ஹைசர், 1979 ஜனவரித் தொடக்கத்தில் ஷாவுக்கே முன்கூட்டித் தெரியாமல் தெஹ்ரானில் வந்திறங்கினார். தளபதிகளை ஒன்றாக நிறுத்தி, புதிய பிரதமர் ஷாபூர் பக்தியாருக்குப் பின்னால் நிற்கச் செய்வது அவருக்கு இடப்பட்ட பணி. கூட்டுப்படைத் தலைவர் கரபாகி, தரைப்படையின் பத்ரெயி, வான்படையின் ரபியி, கடற்படையின் ஹபிபொல்லாஹி, ஆயுதக் கொள்முதலைக் கவனித்த தூஃபானியன் ஆகிய ஐவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும்போது அவர் கண்டுகொள்வது: சேர்ந்து திட்டமிடும் பழக்கமே இவர்களுக்கு இல்லை. துறைமுகத்தை இயக்க, சுங்கத்தைத் திறக்க, எரிபொருளைக் கொண்டுவர ஒரு திட்டத்தாள்கூடக் கிடையாது. ஷா போனால் நாங்களும் கூடவே போய்விடுகிறோம் என்பதே அவர்களுடைய முதல் பதில்.

ஹைசரும் சல்லிவனும் ஒரே தூதரகத்திலிருந்து ஒரே வாஷிங்டனுக்கு ஒன்றுக்கொன்று முரணான செய்திகளை அனுப்பினார்கள். படை உறுதியாக இருக்கிறது என்றார் ஒருவர். படை காகிதப் புலி, கொமெய்னியின் ஆட்களோடு பேசுங்கள் என்றார் மற்றவர். அவரவர் நூலில் அவரவர் சரி. ஷாவின் நூலிலோ எல்லாப் பழியும் ஹைசர்மேல் விழுகிறது. செத்த எலியைப்போல் ஹைசர் அரசரை நாட்டைவிட்டுத் தூக்கியெறிந்தார் என்று ரபியி மரணதண்டனைக்கு முன் விசாரணையில் சொன்னதாக ஷா மேற்கோள் காட்டுகிறார். தம்மைப் பற்றிய இவ்வளவு இழிவான உவமையை ஓர் அரசர் தம் கைப்படத் தம் நூலில் எடுத்தாள்கிறார் என்றால், அவருக்குக் குற்றவாளி எவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டிருக்கிறார்! மூன்று நூல்களில் ஹைசருடையதையே நான் அதிகம் நம்புகிறேன். அவர் நேர்மையானவர் என்பதற்காக அன்று. தம் பணி தோற்றதை மறைக்க முடியாத இடத்தில் அவர் நின்றதால், சிறு விவரங்களில் பொய் சொல்லவேண்டிய தேவை அவருக்கில்லை.

ஜனவரி 16இல் ஷா போனார். ஈரானில் பின்னர் அச்சான ஒரு தொகுப்பு, அந்த வாரங்களில் தளபதிகள் நடத்திய கூட்டங்களின் உரையாடலை அப்படியே தருகிறது. அதன் தலைப்பு 'பனியைப்போல் உருகிவிடுவோம்' என்று பொருள்படும். பிப்ரவரி 9 இரவு, தோஷன் தப்பே விமானத்தளத்தில் கொமெய்னியைத் தொலைக்காட்சியில் கண்டு ஆரவாரித்த வான்படைத் தொழில்நுட்பப் பணியாளர்கள்மீது அரச காவற்படை பாய, மறுநாள் ஆயுதக்கிடங்கு திறந்து துப்பாக்கிகள் தெருவுக்கு வந்தன. 11ஆம் நாள் காலை கூடிய தளபதிகள், மேலும் ரத்தம் சிந்தாதிருக்கப் படை நடுநிலை வகிக்கும் என்றும் வீரர்கள் முகாம்களுக்குத் திரும்ப வேண்டும் என்றும் கையெழுத்திட்டார்கள். பிற்பகல் வானொலியில் அது வாசிக்கப்பட்டது. பத்ரெயி அன்றே சுட்டுக் கொல்லப்பட்டார். கரபாகி தப்பிப் பாரிஸ் சேர்ந்து, முடிவு கூட்டாக எடுத்தது என்று நூல் எழுதினார். பக்தியார் அவரைத் துரோகி என்று தம் நூலில் எழுதினார். நான்கு நாள் கழித்து ரெஃபா பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடியில் முதலில் சுடப்பட்ட நான்கு ஜெனரல்களில் ஒருவர், 1953இல் அரசாணையோடு போய்க் கைதான அதே நசீரி.

படைமாட்சி அதிகாரத்தின் கடைசிக் குறள், நிலைத்து நிற்கும் வீரர் எத்தனை பேர் இருந்தாலும் தலைமக்கள் இல்லாத இடத்தில் தானை இல்லை என்கிறது. தலைமக்கள் என்பதைப் படைத்தலைவர்கள் என்று கொள்வது வழக்கம். தெஹ்ரானில் அந்தப் பதவிக்கும் பதக்கத்துக்கும் குறைவேயில்லை. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு நூற்றுக்கணக்கில் ஜெனரல்கள் இருந்தார்கள். குறள் கேட்கும் தலைமக்களை மட்டும் ஷா இருபத்தைந்து ஆண்டுகளாகத் தேடித் தேடிக் களைந்திருந்தார்.

ஆனால் வார்டின் நூலை அந்த இடத்தில் மூடிவிட முடியாது. 1980 செப்டம்பர் 22இல் ஈராக் படையெடுத்தபோது, உருகிப்போனதாகச் சொல்லப்பட்ட படையின் மிச்சம்தான் முதலில் எதிர்கொண்டது. மறுநாளே நூற்றுக்கும் மேற்பட்ட ஈரானியப் போர்விமானங்கள் ஈராக்கின் தளங்களைத் தாக்கின. ஷா ஆசை ஆசையாய் வாங்கிய எஃப்-14கள் எண்ணெய் முனையங்களுக்குக் காவலாகப் பறந்தன. இரண்டு மாதம் முன்பு ஜூலையில் ஓர் ஆட்சிக்கவிழ்ப்புச் சதி பிடிபட்டு வான்படை அதிகாரிகள் பலர் சுடப்பட்டும் சிறைப்பட்டும் இருந்தார்கள். எஞ்சியிருந்த விமானிகள் சிலரைச் சிறையிலிருந்து நேராகத் தளங்களுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களை வளர்த்த அரசர் அதற்கு இரண்டு மாதம் முன்பே கெய்ரோவில் இறந்து, அல்-ரிஃபாயி பள்ளிவாசலில் அடக்கமாகியிருந்தார்.